கல்லை எடுத்தவன்

புளத்கொகுபிட்டியவில் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டிப் பாதி இறக்கம் வந்துவிட்டேன். தோளில் ஸ்பெனர் பை. பையைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டுப் புதுக் காரின் பார்க்கிங் பிரேக் லூசாகிவிட்டது, வந்து பார்த்துத் தருவீர்களா என்று காலையில் போன் வந்தது. இந்தப் பக்கத்தில் வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்னக் கார் வேலை செய்து கொடுப்பதுதான் இப்போதைக்கு என் பிழைப்பு. போய்க் காருக்குள் உட்கார்ந்தேன். வழக்கம்போல இரண்டு சீட்டுக்கும் நடுவில் கை போனது. அங்கே இழுக்க ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய பட்டன் ஒன்று இருந்தது. அமுக்கினேன். காருக்கு அடியில் எங்கோ கொசு மாதிரி ஒரு சத்தம் கேட்டு அடங்கியது.

"அங்கிள், இதுல கம்பி எல்லாம் இல்ல போல. கம்பியூட்டர் போட்டுத்தான் பாக்கணுமாம்" என்றான் அந்த வீட்டுத் தம்பி. அது தெரிந்திருந்தும் என்னை ஏன் கூப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை. டவுனில் பெரிய கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது வளைவில் ரோட்டோரம் ஒரு கல் கிடந்தது. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் இருக்கும் கல். யாரோ லொறிக்காரன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, எடுத்துப் போடாமல் போயிருக்கிறான். மோட்டார் சைக்கிளில் வருகிறவன் விழுந்து தொலைப்பான். குனிந்தேன். ஆனால் கையை வைப்பதற்கு முன் மேலேயும் கீழேயும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வெறும் ரோடு. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வாகனமே இல்லை. இருந்தாலும் பார்ப்பேன். ஒரு கல்லைத் தூக்குவதற்கு முன் அதற்குப் பின்னால் சக்கரம் இருக்கிறதா என்று பார்க்காமல் எனக்குக் கை வராது. பழக்கதோஷம். அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் பெயர் லெச்சுமி. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. காலையில் பதினொரு பிள்ளைகளை வாங்கி வைத்தால், மத்தியானம் பதினொரு பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அக்கா எண்ணிக்கொண்டே இருப்பாள். சோறு ஊட்டும்போதும் உதடு அசையும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பேக்கரியில் இருந்தேன், மரம் அறுக்கிற இடத்தில் இருந்தேன், நிவித்திகலப் பக்கம் மாணிக்கக் குழியில் ஒரு வருசத்துக்கு மேல் இருந்தேன். எதிலும் தங்கவில்லை. ஒரு வேலை கைக்கு வந்ததும் கால் அரிக்கத் தொடங்கிவிடும். இடையிடையே அக்கா வீட்டுக்கு வந்து நிற்பேன். "ஊருக்கு ஒரு மாசம், தோட்டத்துக்கு ஒரு வாரம். மாப்ளைக்கு எங்க போனாலும் விருந்தாளி மரியாதைதான்" என்று மச்சான் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் சொல்வார்.

மச்சான் பெயர் ஜெயராம். தோட்டத்து ஆட்கள் இருக்கிற அந்த வரிசை வீட்டு லயத்திலேயே கார் வைத்திருந்த ஒரே ஆள். பழைய ஜப்பான் கார். கதவை இரண்டு தரம் அடித்தால்தான் மூடும். நோயாளியைக் கொண்டுபோக, கல்யாணத்துக்கு, சாவுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். பேட்டரி செத்துக் கிடந்ததால் மச்சான் அதை எப்போதும் லயத்து முற்றத்தின் மேல் விளிம்பில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவார். காலையில் அண்டைக் கல்லை எடுத்துவிட்டு உருட்டி விட்டால் பத்து யாரில் இஞ்சின் பிடித்துவிடும். அங்கிருந்து கரத்தை ரோட்டில், அதுதான் பழைய மாட்டு வண்டிப் பாதை, வலது பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நேரே போனால் மழைத் தண்ணீர் ஓடுகிற ஒரு சின்னக் கான், அதற்கு அப்பால் தகரக் கூரை. அதுதான் பிள்ளைக் காம்பரா.

அந்த முறை நான் போயிருந்தபோது ஒரு வாரமாக மழை. கரத்தை ரோட்டின் கீழ் வளைவில் மண் சரிந்து அடைத்துவிட்டது. கார் வெளியே போக வழியில்லை. வேறு எங்கேயும் நிறுத்திவைக்கச் சமதரையும் இல்லை. இரவும் பகலும் அது அந்த விளிம்பிலேயே நின்றது. ஹேண்ட் பிரேக்கோ வெறும் பேருக்கு. இழுத்தால் ஐந்தாறு டக் சத்தத்தில் பிடிக்க வேண்டியது, பன்னிரண்டு டக் இழுத்தாலும் தொளதொளவென்று மேலே வந்து நின்றுவிடும். ஒரு நாள் விடிந்து பார்த்தால் கார் இரண்டு சாண் கீழே இறங்கியிருந்தது. அண்டைக் கல் ஈர மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது. யாரும் தொடவில்லை. தானாகவே இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு லயத்துச் சனங்கள் காலையில் எழுந்தால் வானத்தைப் பார்ப்பதற்கு முன் காரைத்தான் பார்த்தார்கள்.

அன்று காலை அக்கா பிள்ளைக் காம்பராவைத் திறக்கப் போனவள் திரும்பி வந்தாள்.

"இந்தா பாருங்க, ஒண்ணு அந்தக் கார இன்னைக்குச் சரி பண்ணுங்க, இல்லாட்டி வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்க. அதுக்குக் கீழ பிள்ளைங்கள வச்சுக்கிட்டு என்னால ஒக்கார முடியாது."

"கல்லு இருக்குல்ல?"

"கல்லும் சேந்து எறங்குது. நீங்க பாக்கலையா?"

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு, மண் சரிவில் ஏறி இறங்கிக் கரவனெல்லைச் சந்திக்குப் போய், நிமல் பாஸைக் கூட்டி வந்தார். பாஸ் என்றால் அந்தப் பக்கத்தில் கைவேலை தெரிந்த மேஸ்திரி. ஒல்லியான சிங்கள ஆள். முழங்கால்வரை சேறோடு வந்தார். தமிழ் கொஞ்சம் பேசுவார், ஆனால் வேலை என்று குனிந்துவிட்டால் சிங்களம்தான். மச்சானுக்குச் சிங்களம் வாடகை பேசுகிற அளவுக்குத்தான் ஓடும். "நம்ம மாப்ளைக்கு விடுங்க. மாணிக்கக் குழியில இருந்தவரு. சிங்களம் தண்ணி மாதிரி" என்று என்னை முன்னால் தள்ளினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் சிங்களம் குழிக்குள் கற்ற சிங்களம். மேலே நிற்கிறவன் சொல்வதும் கீழே நிற்கிறவன் சொல்வதும் அநேகமாக ஒரே வார்த்தைதான்: கல. அவர்கள் பாஷையில் கல் என்று அர்த்தம். மாணிக்கத்துக்கும் அதே சொல், காலில் விழுந்தால் எலும்பை நொறுக்குகிற பாறாங்கல்லுக்கும் அதே சொல். "ஏ கல கன்ன" என்று கத்துவார்கள். அந்தக் கல்லை எடு. கேட்ட உடனே குனிந்து எடுக்க வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்கிறவன் கால் போகும். ஒரு வருசம் அப்படி எடுத்து எடுத்து, அந்தச் சத்தத்துக்கு என் காது கேட்பதற்கு முன் கை கேட்கும்.

பாஸ் காரைச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் நிதானமாகச் சொன்னார். இந்தக் காரில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். கியரும் பின் சக்கரத்தோடுதான். பின்பக்கத்தை ஜெக் போட்டுத் தூக்கிவிட்டால் இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. அப்புறம் இந்தக் காரைப் பிடித்து வைத்திருப்பது முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற இரண்டு கல் மட்டும்தான். இதைச் சமதரையில்தான் செய்ய வேண்டும். இங்கே செய்வது நல்லதில்லை. ஆனால் இப்படியே விடுவது அதைவிட நல்லதில்லை.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். பிழையில்லாமல்தான் சொன்னேன். அதனால்தான், ஆபத்து தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிறகு என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அக்கா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பன்னா வேலை முடியிற வரைக்கும் பிள்ளைங்கள நான் வெளிய கொண்டு போறேன்" என்றாள்.

"மழையில எங்க கொண்டு போவ? ஒரு மணி நேர வேலை" என்றார் மச்சான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "நான் இருக்கேன் அக்கா. இந்தக் கல்ல விட்டு நகர மாட்டேன். நீ போயி தூங்க வையி."

அவள் இறங்கிப் போனாள். கீழே சேலைத் தொட்டில் ஆடுகிற கிறீச்சுச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது.

வலது பக்கக் கல் பெரியது. இடது பக்கத்தது சின்னது, மழையில் வழுவழுவென்று இருந்தது. பாஸ் பின்பக்கத்தைத் தூக்கினார். முதலில் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் கட்டைகளைச் சரிசெய்தார். கட்டையைப் பார்க்காமல் கம்பியை மட்டும் இறுக்குகிறவர்கள் உண்டு. இரண்டு நாளில் மறுபடி தொளதொளத்துவிடும். பிறகு இடது பக்கமாக மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்தார். தலையும் கையும் நடுவில், கம்பியை இறுக்குகிற நட்டுக்குப் பக்கத்தில். தொடைக்குக் கீழே இரண்டு காலும் வெளியே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு கிடந்தன. மச்சான் பின்னால் குந்தி சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வலது பக்கக் கதவைத் திறந்து வைத்து, ஒரு கை ஹேண்ட் பிரேக்கில், ஒரு கண் கல்லில்.

"அதின்ன மல்லி" என்று அடியிலிருந்து குரல் வரும். மல்லி என்றால் தம்பி. இழுக்கச் சொல்கிறார். இழுத்து, எத்தனை டக் என்று எண்ணிச் சொல்வேன். பத்து. விடச் சொல்வார். நட்டை ஒரு சுற்று இறுக்குவார். மறுபடி இழு. ஒன்பது. மறுபடி. எட்டு. ஒவ்வொரு தடவையும் மச்சான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "பிடிக்கல… பிடிக்கல… லேசாப் பிடிக்குது" என்பார். ஒவ்வொரு அசைவுக்கும் ஜெக் மேலே கார் மெல்ல முனகும். கீழே ஒரு பிள்ளை அழுதது. அக்கா தட்டிக் கொடுப்பது கேட்டது. அடங்கியது.

ஏழு. ஆறு. ஆறாவது டக்கில் கைப்பிடி கல் மாதிரி நின்றது. "மச்சான்?" என்றேன். "சக்கரம் அசையல மாப்ள. பிடிச்சிருச்சு!" என்றார். அந்த நேரத்தில்தான் மழை கொட்டியது. இரண்டு பக்கமும் லயத்துத் தகரம், கீழே பிள்ளைக் காம்பராத் தகரம். தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சுகூட வாயசைவாகத்தான் தெரியும். அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து பாஸ் கத்தினார்.

அவர் சொன்னது: "ஏக கலவன்ன."

அதைக் கழற்று என்று அர்த்தம். கைப்பிடியின் அடியில் சுற்றியிருந்த ரெக்சின் உறையைச் சொல்கிறார். உறையைக் கழற்றினால் உள்ளே பற்கள் ஒழுங்காகப் பிடித்திருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

என் காதில் விழுந்தது: "ஏ கல கன்ன."

அந்தக் கல்லை எடு.

பிரேக் பிடித்துவிட்டது, கல்லை எடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் நான் எதுவும் நினைக்கவில்லை. குனிந்தேன், எடுத்தேன். குழியில் ஆயிரம் தடவை எடுத்ததுபோல.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது பக்கச் சின்னக் கல் சேற்றில் வழுக்கத் தொடங்கியது. ஜெக் சாய்வதைப் பார்த்தேன். மச்சான், "டேய்!" என்று பின் பம்பரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். காரின் பின்பக்கம் தொப்பென்று தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் முன்னால் நகர்ந்தது. இடது பின் சக்கரம் பாஸின் கால்களை நோக்கிப் போவதைக் காருக்கு அடியால் நான் பார்த்தேன். கையில் கல் இருந்தது. அதைத் திரும்பப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. காலும் நகரவில்லை. கீழே தகரக் கூரையில் மழை குதிப்பது மட்டும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. இப்போதும் தெரிகிறது.

கார் நின்றது.

பின் சக்கரம் இரண்டும் சுற்றாமல் சேற்றில் இழுபட்டு, கறுப்பாக இரண்டு கோடு போட்டுவிட்டு நின்றன. பாஸின் தொடைக்கும் டயருக்கும் நடுவில் என் கை நுழையலாம், அவ்வளவுதான். ஆறாவது டக்கில் நின்றிருந்த கைப்பிடி பிடித்துக்கொண்டது. ஒரு நிமிசத்துக்கு முன் அந்த மனுசன் மல்லாந்து கிடந்து இறுக்கிய கம்பி அவர் காலையும் காப்பாற்றியது, கீழே தூங்கிக்கொண்டிருந்த பதினொரு பேரையும் காப்பாற்றியது. நான் காப்பாற்றவில்லை.

மச்சான் அவரை இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார். மூக்கில் கிரீஸ், நெற்றியில் ஒரு கீறல். சட்டை கிழிந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"கல்லு இல்ல மல்லி" என்றார் தமிழில். பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாக, "க-ல-வன்-ன" என்றார்.

அதற்குள் அக்கா மேலே ஏறி வந்துவிட்டாள். இடுப்பில் ஒரு பிள்ளை. மழையில் நனைந்துகொண்டே காரைப் பார்த்தாள், சேற்றில் இழுபட்ட கோட்டைப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்து, என் கையிலிருந்த கல்லை ஒரு கையால் வாங்கிக்கொண்டு போய், வலது சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். காலால் இரண்டு தரம் உதைத்து இறுக்கினாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். கீழே அவள் எண்ணுவது கேட்டது. சத்தமாக எண்ணினாள்.

பாஸ் மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் போனார். அந்த உறையை அவரே கழற்றிப் பார்த்து, அவரே மாட்டினார். சாயந்தரம் லயம் முழுக்க இதே பேச்சு. பயம் தெளிந்தால் சிரிப்பு வரும்தானே. "சிங்களம் தண்ணி மாதிரிதான். தண்ணி வழுக்கிருச்சு" என்று மச்சான் சொல்ல, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. எனக்குச் சோறு போட்டாள். எப்போதும் போடுகிற அளவுதான், கருவாடும் வைத்தாள். தட்டை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஒன் பேச்ச நம்பித்தான்டா நான் பிள்ளைங்கள தூங்க வச்சேன்."

அக்கா இப்போது வத்தளையில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன் பேசுவோம். மழை, முட்டு வலி, மகளின் பிள்ளைகள். கல்லைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன். அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். பிள்ளைக் காம்பராவைக் கீழே ரோட்டோரத்தில் ஓடு போட்டுப் புதிதாகக் கட்டி, வேறு பெயர் எழுதியிருக்கிறார்கள். கரத்தை ரோட்டுக்குக் கொங்கிறீட் போட்டாயிற்று. நிமல் பாஸின் கராஜ் இருந்த இடத்தில் போன் கடை. டக் டக்கென்று எண்ணி இழுக்கிற கைப்பிடியும் போகிறது. பட்டனை அமுக்கினால் பிடித்துக்கொள்கிறது, எத்தனையில் பிடித்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஏற்றத்தில் லொறி நின்றதும் குதித்து ஓடிக் கல் போடுகிற ஆளையும் இப்போது காணோம். புளத்கொகுபிட்டிய வளைவில் கல்லைப் போட்டவனும் டிரைவராகவேதான் இருப்பான். எடுத்துப் போட ஆள் இருந்திருந்தால் அது அங்கே கிடந்திருக்காது. நான் அதைத் தூக்கிக் கானுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு நடந்தேன்.

அந்த முறையும் இப்படித்தான் தோட்டத்தை விட்டு நடந்தேன். கல்லை எடுத்ததற்கு மறுநாள் காலை, பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தில், பையை எடுத்துக்கொண்டு. மண் சரிவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தபோது ஏற்றத்தில் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி இஞ்சின் நின்று, மெல்லப் பின்னால் வழுக்கிக்கொண்டிருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிக் கத்தினார். தொப்பி போட்ட முஸ்லிம் ஆள். அவர்களில் அண்ணனை நானா என்பார்கள்.

"தம்பி! கல்லு! கல்லு ஒண்டு போடுங்க டயருக்கு!"

ஓடிப் போய்ப் போட்டேன். தட்டைப் பக்கம் கீழே, கூர்ப்பக்கம் டயருக்கு. காலால் இரண்டு தரம் உதைத்து இறுக்கினேன். லொறி அசையவில்லை. அவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கிறீங்க. என்ட கிளீனர் பொடியன் இண்டைக்கு வரல்ல. இந்த வேல தெரியுமா?"

"போடத் தெரியும் நானா" என்றேன். "எடுக்குறதுன்னா மட்டும் தமிழ்ல சொல்லணும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஏறச் சொன்னார்.